உணவியலில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: 5 செப்டம்பர் 2025

நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. டயட்டீஷியன் ஆகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறாள். இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் சேர்த்து ஐந்தே ஆண்டில் முடிக்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்கின்றன. இதில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிறகு வேறு எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம், முடித்த கையோடு தேர்வு எழுதி வேலைக்குப் போய்விடலாம் என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படித்தானா? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

5 செப்டம்பர், இரவு

நான் மருத்துவமனையில் உணவியல் நிபுணராக (டயட்டீஷியன்) வேலை பார்க்கிறேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. சில இடங்களில் அவர் சொல்வது சரி. பல இடங்களில் சரியில்லை. இரண்டு வகையின் விளம்பரமும் ஒன்றுபோலவே இருப்பதுதான் சிக்கல்.

முதலில் இந்தப் படிப்புகள் திடீரென்று ஏன் பெருகின என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 முதல், பதிவுபெற்ற உணவியல் நிபுணருக்கான தேர்வை எழுத முதுநிலைப் பட்டம் கட்டாயம். தேர்வை நடத்தும் பதிவு ஆணையமான சிடிஆர் விதித்த விதி இது. அதற்கு முன்பு இளநிலைப் பட்டமும் மேற்பார்வைப் பயிற்சியும் போதும். விதி மாறியதும் நான்காண்டுப் படிப்பை மட்டும் வைத்திருந்த துறைகளுக்கு நெருக்கடி. நான்கு வருடம் படித்த பிறகும் தேர்வு எழுத முடியாது என்றால் அங்கே யார் சேர்வார்கள்? எனவே பல கல்லூரிகள் ஓராண்டு முதுநிலையை ஒட்டவைத்தன. சில கல்லூரிகள் பாடத்திட்டத்தையே புதிதாக எழுதி, பயிற்சியையும் உள்ளே கொண்டுவந்தன. இரண்டாவதைச் செய்தவர்களைத்தான் நீங்கள் தேடவேண்டும்.

நாளை மறுநாள் விரிவாக எழுதுகிறேன். வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன்.

7 செப்டம்பர்

விரிவாக எழுதும் முன் இடையில் வந்த ஒரு கருத்துக்குப் பதில். “நியூட்ரிஷனிஸ்ட் என்று போட்டுக்கொண்டால் போதாதா, இவ்வளவு படிப்பு எதற்கு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள இடம்தரும் மாநிலங்கள் இருக்கின்றன. ஆனால் மருத்துவமனை வார்டில் நோயாளியின் குழாய் வழி உணவைக் கணக்கிட்டு எழுதவோ, டயாலிசிஸ் மையத்தில் வேலை பார்க்கவோ பதிவு வேண்டும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2002 முதல் நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் உணவுச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. அந்தப் பணம் பதிவும் தகுதியும் உள்ளவருக்குத்தான் வரும். இந்தப் பெண் கேட்பது மருத்துவமனை வேலை. அதற்கு இந்த வழிதான்.

9 செப்டம்பர்

சொன்னபடி விரிவாக.

படிப்புகளை அங்கீகரிப்பது ஏசெண்ட் என்ற குழு. “இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்தது” என்ற ஒரே பலகையின் கீழ் வேறுவேறு சரக்கு விற்கிறார்கள்.

ஒரு வகையில் பாடமும் பயிற்சியும் முதுநிலைப் பட்டமும் ஒரே கட்டமைப்பில் வருகின்றன. குறைந்தது 1000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி உள்ளேயே இருக்கும். மருத்துவமனை, சமூகநல மையம், உணவுக்கூடம் என்று அவர்களே இடம் ஏற்பாடு செய்வார்கள், அல்லது ஏற்பாட்டுக்குத் துணை நிற்பார்கள். கடைசியில் பட்டத்தோடு வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் என்ற சான்று கையில் வரும். தேர்வுக்கு வழி திறப்பது அந்தச் சான்றுதான். பட்டம் எவ்வளவு பெரிய இடத்தில் வாங்கியதானாலும் அந்தச் சான்று இல்லாமல் தேர்வு அறைக்குள் போக முடியாது.

இன்னொரு வகையில் இளநிலைப் பகுதிக்கு மட்டும் அங்கீகாரம். அதைப் பாடநெறித் திட்டம் என்று சொல்லலாம், டிபிடி என்பார்கள். ஐந்தாவது ஆண்டு முதுநிலை, படிப்பு என்ற அளவில் நல்ல படிப்புத்தான். ஆனால் பயிற்சி அதில் இல்லை. இங்கே கிடைக்கும் சான்று பாடங்களை முடித்ததற்கான சான்று. அதை வைத்துக்கொண்டு பயிற்சி இடத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக நாட்டிலுள்ள மற்ற எல்லோரோடும் போட்டி. “பிறகு வேறு எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம்” என்ற பேச்சு இங்கே உடைந்துபோகிறது.

மூன்றாவதாக, ஊட்டச்சத்து அறிவியல் என்ற பெயரில் ஆராய்ச்சிக்கு ஆயத்தப்படுத்தும் படிப்புகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் அருமையான அடித்தளம். அங்கீகாரம் இருக்காது, இருக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. பெயரில் ஊட்டச்சத்து இருப்பதால் இதில் சேர்ந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் விழிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க விளம்பரத் தாளைப் படிக்காதீர்கள். ஏசெண்ட் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு திட்ட இயக்குநருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி ஒரே கேள்வி கேளுங்கள்: ஐந்தாம் ஆண்டின் இறுதியில் என் மகள் வேறெங்கும் விண்ணப்பிக்காமல் பதிவுத் தேர்வை எழுதலாமா? ஆம் என்றால் ஆம் என்று ஒரு வரியில் எழுதுவார்கள். அரைப்பக்கம் வந்தால் இல்லை என்று பொருள்.

9 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. தேர்ச்சி விகிதத்தையும் கேளுங்கள். அங்கீகாரம் தொடர வேண்டுமானால், முதல் முயற்சிக்குப் பிறகு ஓராண்டுக்குள் தேர்ச்சி பெறுவோர் குறைந்தது 80 சதவீதம் இருக்கவேண்டும் என்பது ஏசெண்டின் அளவுகோல். கேட்பவருக்கு இந்த எண்ணைத் தருவது அவர்கள் கடமை. தயங்காமல் கேளுங்கள்.

14 செப்டம்பர்

“முதல் வகைதான் என்று உறுதியாகிவிட்டது, இனிக் கவலையில்லையே?” என்று கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார். கவலை முடியவில்லை. பெரும்பாலான ஐந்தாண்டுப் படிப்புகளில் இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேரும்போது கிடைப்பது இளநிலையில் இடம். முதுநிலைப் பகுதிக்கு இரண்டாம் ஆண்டின் முடிவிலோ மூன்றாம் ஆண்டிலோ மீண்டும் விண்ணப்பம். மதிப்பெண் சராசரி (மொத்தம் 4.0) பொதுவாக 3.0க்குக் குறையக்கூடாது, சில இடங்களில் அதைவிட அதிகம். அறிவியல் பாடங்களுக்குத் தனிச் சராசரி கேட்பவர்களும் உண்டு. பரிந்துரைக் கடிதம், கட்டுரை, நேர்காணல் எல்லாம் அங்கேதான் வரும்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேதியியல். உணவு பற்றிய படிப்பு என்று எண்ணி வருகிறார்கள். முதலாண்டில் பொது வேதியியல் இரண்டு பருவம், அதன்மேல் கரிம வேதியியல், அதன்மேல் உயிர்வேதியியல், அதற்குப் பிறகுதான் மருத்துவ உணவுச் சிகிச்சைப் பாடம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட முடியாது. சிறிய துறைகளில் சில பாடங்களை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். கரிம வேதியியலில் ஒருமுறை தவறினால் ஒரு பருவம் போகாது, ஓர் ஆண்டே போகும். ஐந்தாண்டு ஆறாண்டு ஆவது இப்படித்தான். இதோடு உடலியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், உளவியல்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பள்ளியிலேயே வேதியியலை ஒழுங்காகப் படித்த பெண்ணுக்கு இது பெரிய மலையல்ல. பள்ளியில் எடுத்த ஏபி வேதியியலை, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடத்தை, கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக ஏற்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இளநிலைக்கு ஏற்றுக்கொண்டுவிட்டு முதுநிலை நுழைவுக்கு ஏற்காத இடங்களும் இருக்கின்றன. கோடைக்காலத்தில் சமுதாயக் கல்லூரியில் ஒரு பாடம் எடுத்து முடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யவேண்டும்.

15 செப்டம்பர்

இரண்டாவது வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை இடம் என்று கேளுங்கள். இதைத்தான் நேற்றே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. முதலாண்டில் அறுபது பேரைச் சேர்த்துக்கொண்டு முதுநிலையில் இருபது இடம் வைத்திருந்தால் மற்ற நாற்பது பேர் எங்கே போவார்கள்? பயிற்சி தரும் மருத்துவமனைகள் குறைவு என்பதால் இடங்களைக் கூட்டுவது அவர்கள் கையிலும் இல்லை. மாணவர்களுக்கு வார்டில் பயிற்சி தரும் வேலையை நானும் செய்கிறேன். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, நோயாளிகளின் எண்ணிக்கையும் குறையாது. ஆகவே பல சக ஊழியர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நான் ஒதுங்குவதில்லை, ஏனென்றால் எனக்கும் யாரோ ஒருவர் இடம் கொடுத்தார்.

21 செப்டம்பர்

பணம். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்கவேண்டிய நேரம் இது.

ஐந்தாம் ஆண்டுக் கட்டணம் முதுநிலைக் கட்டணம். இளநிலைக்குக் கிடைத்த கல்லூரி உதவித்தொகை பெரும்பாலும் நான்காண்டோடு நின்றுவிடும். கூட்டரசின் பெல் உதவித்தொகை, முதல் பட்டம் வாங்காதவர்களுக்குத்தான். எனவே இரண்டு பட்டங்களையும் ஐந்தாம் ஆண்டின் முடிவில் சேர்த்துத் தருகிறார்களா, நான்காம் ஆண்டில் ஒன்றும் ஐந்தாம் ஆண்டில் ஒன்றுமாகத் தருகிறார்களா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. எந்தப் பருவத்திலிருந்து மாணவி முதுநிலை மாணவியாகக் கணக்கிடப்படுகிறாள் என்பதைப் பொறுத்து உதவித்தொகையும் கடனும் மாறும்.

கடன் விதிகளும் மாறுகின்றன. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் கூட்டரசிடமிருந்து மொத்தம் 31,000 டாலர் வரை கடன் வாங்கலாம். முதுநிலையில் ஆண்டுக்கு 20,500 டாலர், அதற்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்கு மேல் தேவைப்பட்டவர்கள் கிராட் பிளஸ் என்ற கடனை எடுத்துவந்தார்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்த வழி அடைபடுகிறது. பெற்றோர் பெயரில் எடுக்கும் பிளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வருகிறது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை சரியாக இந்தப் புதிய விதிக்குள் வந்து சேர்கிறது.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் பெரும்பாலும் இல்லை. மருத்துவமனைகள் ஊரின் நான்கு மூலையிலும் இருக்கும், காலை ஆறரைக்கு உணவுக்கூடத்தில் நிற்கவேண்டியிருக்கும், கார் இல்லாமல் ஆகாது. தடுப்பூசிகள், குற்றப்பின்னணிச் சோதனை, காப்பீடு எல்லாவற்றுக்கும் சிறுசிறு கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சம்பளத்தையும் எழுதிவிடுகிறேன். தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்குப்படி 2023 இல் உணவியல் நிபுணர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 69,680 டாலர். அதே ஆண்டில் பதிவுபெற்ற செவிலியருக்கு 86,070 டாலர், அதற்கு முதுநிலைப் பட்டம் தேவையில்லை. நான் இந்தத் தொழிலை நேசிக்கிறேன். என் மகள் கேட்டாலும் இதே எண்களைத்தான் முதலில் காட்டுவேன். தெரிந்துகொண்டு வருபவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

28 செப்டம்பர்

விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது என்று மகளே கேட்டிருக்கிறாள். நல்லது, இனி உனக்கே எழுதுகிறேன் அம்மா.

“சிறுவயது முதலே எனக்கு உணவில் ஆர்வம்” என்று தொடங்காதே. தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் அந்த வரியைப் படித்துப் படித்துச் சலித்தவர்கள். “பாட்டிக்குச் சர்க்கரை நோய்” என்பதும் அப்படித்தான். பாட்டிக்கு இருந்தது உண்மையாக இருக்கலாம், அதனால் நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

செய்வதற்கு ஒரு வேலையைத் தேடிக்கொள். என்னைக் கேட்டால் மருத்துவமனைச் சமையலறையில் டயட் எய்ட் என்ற உதவியாளர் வேலையைவிடச் சிறந்த ஆயத்தம் இல்லை. பல இடங்களில் பதினெட்டு வயது ஆகியிருந்தால் எடுப்பார்கள். தட்டு நகரும் வரிசையில் நின்று ஒவ்வொரு சீட்டையும் படித்து உணவை வைக்கவேண்டும். உப்புக் குறைவு, பால் ஒவ்வாமை, சிறுநீரக உணவு, அரைத்த உணவு எல்லாம் சீட்டில் இருக்கும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படிப்பதைக் கையால் தொட்டுப் பார்ப்பாய். பதிவுத் தேர்விலும் நிர்வாகமும் உணவு வழங்கல் முறையும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பெறுகின்றன. அங்கேதான் பல கெட்டிக்காரப் பிள்ளைகள் வழுக்குகிறார்கள், சமையலறைக்குள் கால் வைக்காததால்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு வரிசையில் நின்றேன். அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவருக்குத் தெளிந்த திரவ உணவு என்று சீட்டு வந்தது. கோழி வடிநீர், சிவப்பு ஜெல்லி, ஆப்பிள் சாறு, தேநீர். சீட்டின் மேலே சைவம் என்று இருந்தது, பெயரைப் பார்த்தால் நம் ஊர்க்காரர். வடிநீரை எடுத்துவிட்டுக் காய்கறி வடிநீர் வைத்தார்கள். ஜெல்லியை யாரும் எடுக்கவில்லை. ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோல், எலும்பிலிருந்தும் வருவது என்று நான் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எடுத்துவிட்டார். பதிலுக்கு வைக்க ஒன்றும் இல்லை, பழச்சாறுதான் இன்னொரு கோப்பை. பிறகு அந்தச் சமையலறையில் சைவத் திரவ உணவுக்கென்று உறைந்த எலுமிச்சைப் பனியும் இன்னொரு சாறும் பட்டியலில் ஏறின. இந்த நிகழ்ச்சியைத்தான் பின்னர் என் பயிற்சி விண்ணப்பத்தில் எழுதினேன். நேர்காணலில் வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை, இதைப் பற்றியே பேசினார்கள்.

உனக்கு இதேபோல நடக்கவேண்டும் என்றில்லை. வேலை செய்தால் ஏதாவது கண்ணில் படும். கண்ணில் பட்டதை எழுது.

29 செப்டம்பர்

மருத்துவமனையில் வேலை கிடைக்கவில்லை என்றால் முதியோர் இல்லச் சமையலறை, பள்ளி உணவுக்கூடம், உணவு வங்கி, கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான விக் திட்ட அலுவலகம். கோயில் அன்னதானச் சமையலும் கணக்கில் வரும், எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, சமைத்த சோறு எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்று நீ குறித்துவைத்திருந்தால்.

4 அக்டோபர்

ஒரு தந்தை: “பையன்கள் இந்தப் படிப்பில் சேரலாமா?” சேரலாம், வாருங்கள், வார்டுகளில் தேவை இருக்கிறது. இப்போது பெரும்பாலோர் பெண்கள் என்பதற்குக் காரணம் வரலாறு. 1917 இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லென்னா கூப்பர், லூலு கிரேவ்ஸ் என்ற இருவர் முன்நின்று கிளீவ்லாந்தில் அமெரிக்க உணவியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் உணவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் மக்களின் உடல்நலத்தைக் காப்பதும் நோக்கம். அக்காலத்தில் அறிவியல் படித்த பெண்களுக்கு மனையியல் துறைதான் திறந்திருந்தது. அவர்கள் அந்த வழியாக மருத்துவமனைக்குள் வந்தார்கள். அதே சங்கம்தான் 2012 முதல் ஊட்டச்சத்து, உணவியல் அகாடமி என்ற பெயரில் இயங்குகிறது. நம் ஊரிலும் மனையியல் கல்லூரிகள் வழியாகத்தான் இத்துறை வளர்ந்தது. நானும் கோவையில் மனையியல் படித்தவள்தான்.

11 அக்டோபர்

கோவை என்று எழுதியதும் தனி மடலில் கேள்விகள். ஊரில் இளநிலை முடித்துவிட்டுத் திருமணமாகி வந்த பெண்கள் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

உங்களுக்கு இந்த ஐந்தாண்டுப் படிப்பு வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் பட்டத்தை மதிப்பீடு செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. எந்த அமைப்பின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்ற பட்டியலை ஏசெண்ட் தளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள், வேறிடத்தில் பணம் கட்டாதீர்கள். அமெரிக்க இளநிலைக்குச் சமம் என்று வந்ததும் முதுநிலையும் பயிற்சியும் சேர்ந்த ஒரு திட்டத்தின் இயக்குநரிடம் பாடப்பட்டியலைக் காட்டுங்கள். எந்தப் பாடம் குறைகிறது என்று அவர் சொல்வார். இங்குள்ள காப்பீட்டு முறை, உணவுச் சட்டம், மருத்துவக் குறிப்பெழுதும் முறை போன்றவைதான் பெரும்பாலும் குறையும். பாடத்திட்டத்தின் முழு விவரத்தையும் ஊரிலிருந்து கையோடு வாங்கி வாருங்கள். பட்டத் தாளையும் மதிப்பெண் பட்டியலையும் மட்டும் வைத்துக்கொண்டு இங்கிருந்து கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கெஞ்சிய மாதங்கள் எனக்கு மறக்காது.

இதைவிட முக்கியமானது, இங்கே வளரும் நம் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் எச்-1பி வேலை விசாவிலும் பிள்ளை அதைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருந்தால் 21 ஆம் பிறந்தநாளன்று அந்த விசா முடிந்துவிடும். பதினேழு வயதில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரும் பிள்ளைக்கு அது நான்காம் ஆண்டை ஒட்டி வரும், பயிற்சி தொடங்கும் நேரம். அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியாகவேண்டும். கூட்டரசின் கடனும் உதவித்தொகையும் இவர்களுக்கு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தில் உள்ளூர் மாணவர் சலுகை உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

12 அக்டோபர்

நேற்று எழுதியதற்கு ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார்: எஃப்-1 விசாவில் பயிற்சிக்குப் போனால் பிறகு ஓராண்டு வேலை அனுமதியான ஓபிடி கிடைக்காதாம். அது பாதி உண்மை. பாடத்தின் பகுதியான பயிற்சிக்கு சிபிடி என்ற அனுமதி வேண்டும். ஒரே பட்ட நிலையில் முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதத்தை எட்டினால்தான் அந்த நிலைக்கான ஓபிடி போகும். 1000 மணி நேரம் என்பது வாரத்துக்கு நாற்பது மணி வீதம் இருபத்தைந்து வாரம். அரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். பயிற்சியை நீட்டிக்கொண்டே போகும் திட்டமாக இருந்தால் மட்டும் மாதங்களை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் பயிற்சிக்கு முந்தைய பருவத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

25 அக்டோபர்

அம்மாவிடமிருந்து நல்ல செய்தி. இரண்டு இயக்குநர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு வரியில் ஆம். இன்னொருவர் நீளமாக எழுதி, பயிற்சிக்கு “எங்கள் மாணவர்கள் நன்றாகவே போட்டியிடுகிறார்கள்” என்று முடித்திருக்கிறார். எது எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

முன்கூட்டியே அனுப்பும் விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள் என்றால் கட்டுரையை இந்த வாரம் முடித்துவிடவேண்டும். உடல்நலப் படிப்புகளில் சில இடங்கள் அப்படி முன்கூட்டி விண்ணப்பித்தவர்களைத்தான் முதலில் பார்க்கின்றன. கூட்டரசின் உதவித்தொகைக்கும் கடனுக்குமான ஃபாஃப்ஸா படிவம் திறந்திருக்கிறது, அதையும் நிரப்புங்கள்.

மகள் முதியோர் இல்லச் சமையலறையில் வார இறுதி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். படித்ததும் மனம் நிறைந்தது. அங்கே விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குக் கெட்டிப்படுத்திய திரவம் தருவார்கள். பத்து மில்லி ஊசிக்குழாயில் நிரப்பிப் பத்து விநாடி ஓடவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். நான்கிலிருந்து எட்டு மில்லி மிஞ்சினால் இரண்டாம் நிலைக் கெட்டி. ஐடிடிஎஸ்ஐ என்ற உலகப் பொது அளவுமுறை அது. ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேள். பிறகு வீட்டில் ரசம் சாதத்தைப் பற்றி யோசித்துப் பார். நமக்கு நோயாளிக்கு ஏற்ற எளிய உணவு. விழுங்கத் தடுமாறுபவருக்கு, தண்ணீராக ஓடும் ரசமும் மெல்லவேண்டிய பருக்கையும் ஒரே வாயில் வருவதால் மிக ஆபத்தான உணவு. நான் பார்த்த ஒரு முதியவரின் குடும்பம் அன்போடு தினமும் அதைத்தான் கொண்டுவந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் ஒளித்து ஊட்டியிருப்பார்கள். குழையக் குழைய வேகவைத்து, ரசத்தோடு சேர்த்து அரைத்து, கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழும் பதத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று மருமகளோடு நின்று செய்து காட்டினேன். அவர் தட்டைக் காலி செய்தார். இந்த வேலையின் சுவை இதில்தான் இருக்கிறது, அம்மா. நேர்காணலில் “ஏன் இந்தத் துறை?” என்று கேட்கும்போது இப்படி ஒன்று உன்னிடம் இருக்கவேண்டும்.

8 நவம்பர்

இரண்டு வாரமாக ஒன்று மனத்தில் ஓடுகிறது. செப்டம்பர் 9 இல் எழுதியபோது முதல் வகைதான் சிறந்தது என்ற தொனியில் எழுதினேன். துறையில் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் பதினேழு வயதில் எல்லோரும் அந்தப் பெண்ணைப்போல இருப்பதில்லை.

இரண்டாவது வகைக்கும் ஒரு பலம் இருக்கிறது. சிடிஆர் கேட்பது முதுநிலைப் பட்டம், அது எந்தத் துறையில் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பாடநெறித் திட்டத்தோடு இளநிலையை முடித்துவிட்டு, பொதுச் சுகாதாரத்திலோ மேலாண்மையிலோ முதுநிலை படித்து, பயிற்சியைத் தனியாக முடித்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளி உணவுத் திட்டங்களை நடத்தவும் அரசுக் கொள்கை வேலைகளுக்குப் போகவும் அந்தச் சேர்க்கை உதவுகிறது. ஐந்தாண்டுக் கட்டமைப்பில் விருப்பப் பாடத்துக்கு இடமே இருக்காது. எல்லாம் அடுக்கிவைத்தபடி ஓடும். ஒரு பருவம் வேறு பாடம் எடுத்துப் பார்க்கலாம் என்றால் வழியில்லை. தனி விண்ணப்பம் என்ற இடரை ஏற்கும் துணிவும் ஓர் ஆண்டு கூடுதலாகச் செலவிடும் வசதியும் இருந்தால், இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு அதுவே ஏற்றது என்று நினைக்கிறேன்.

மாறாத ஒன்று: எந்த வகையானாலும் ஏசெண்ட் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும்.

9 நவம்பர்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு “நடுவில் பிடிக்கவில்லை என்றால்?” என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். இதையும் சேரும் முன் கேட்கவேண்டும்: நான்காம் ஆண்டோடு இளநிலைப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியேற முடியுமா? பெரும்பாலான இடங்களில் முடியும். இரண்டு பட்டத்தையும் சேர்த்தே தரும் இடங்களில் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் வாங்குங்கள். இளநிலைப் பகுதிக்குப் பாடநெறி அங்கீகாரம் இருந்தால், அந்தச் சான்றோடு உணவியல் தொழில்நுட்பராகப் பதிவுசெய்யும் தேர்வை எழுதலாம். என்டிடிஆர் என்பார்கள். முதுநிலை தேவையில்லை. மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை உண்டு, சம்பளம் குறைவு. ஓரிரண்டு ஆண்டு அப்படி வேலை பார்த்துவிட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடும் தெளிவோடும் முதுநிலைக்குத் திரும்பியவர்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் முதுநிலைப் பகுதிக்கு மட்டும் அங்கீகாரம் உள்ள புதிய திட்டங்களில், நான்காம் ஆண்டோடு வெளியேறுபவருக்கு அந்தச் சான்று கிடைக்காமல் போகலாம். எனவே இயக்குநருக்கு எழுதும் மின்னஞ்சலில் இதை இரண்டாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.